இருநூற்றுப் பதினான்காவது வெட்டு

ராசாங்கம் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை அரியலூர் வட்டாரத்தில் யாரும் இரண்டாம் முறை படித்துப் பார்ப்பதில்லை. நிலம் வாங்குகிறவர்கள் வீடு தேடி வந்து, "நீங்க ஒரு கையெழுத்து வெச்சா போதும்" என்று நிற்பார்கள். பத்திரம் பதிவாகும் வரை அவர்கள் கையால் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடிக்க மாட்டார். குடித்துவிட்டுப் போட்ட கையெழுத்து என்று நாளைக்கு ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால் குடும்பத்துக்கே இழுக்கு.

அப்படிப்பட்டவருக்கு அறுபத்து நான்காம் வயதில், 2005ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், இதுவரை பார்த்திராத ஒரு சாட்சி வேலை வந்தது. கொடுத்தவள் அவருடைய மருமகள் மணிமொழி.

மணிமொழி பெரம்பலூர் காலேஜில் எம்.சி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணத்துக்குப் பொறகும் புள்ள படிக்கும்" என்று நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் முன்னால் ராசாங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் முணுமுணுத்தவர்களை அவர் ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. மகன் வேல்முருகன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் முன்னறையில் பூப்போட்ட துணியால் மூடிக் கிடந்தது. அந்தத் துணியை எடுக்கும் உரிமை வீட்டில் மணிமொழிக்கு மட்டும்தான்.

படிப்பு முடிய அவள் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். ஒரு வீடியோவில் காட்சி எங்கெங்கே மாறுகிறது என்பதை மனிதக் கண் இல்லாமல் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நீளமான வீடியோ தேவைப்பட்டது. ஆறு வருஷத்துக்கு முன் நடந்த நாத்தனார் அனிதாவின் கல்யாணக் கேசட்டைக் கேட்டாள்.

"நம்ம வூட்டுக் கல்யாணத்த என்னாத்துக்கும்மா காலேஜுல போட்டுக் காட்டணும்? சினிமாப் படம் கெடைக்கலியா?"

"சினிமாவுல எல்லாத்தையும் ஒழுங்கா வெட்டி ஒட்டியிருப்பாங்க மாமா. அதுல கண்டுபிடிக்கிறது சுலபம். நம்ம கேசட்டுலதான் எல்லாத் தொல்லையும் இருக்கு. ஃபிளாஷ் அடிச்சுக்கிட்டே இருக்காங்க, லைட்டு போயிப் போயி வருது, கேமராவுக்குக் குறுக்கால ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

"தொல்லையா? பதினேழு வேன் வந்த கல்யாணம்மா அது!"

"அதத்தான் மாமா நானும் சொல்றேன்."

ராசாங்கத்துக்கு உள்ளூரப் பெருமைதான். என்றாலும் இரண்டு நிபந்தனை போட்டார். சமையல் பந்தலில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கும் பெண்களைக் காட்டக் கூடாது. பெண்ணை வழியனுப்பும்போது அவர் மனைவி ஆண்டாயி அழுத முகத்தைக் காட்டக் கூடாது.

"என் அழுகைய யாரு பாத்தா என்னங்க?" என்றாள் ஆண்டாயி அடுப்படியிலிருந்து. "நீங்க ரோட்டுல நின்னு வேன எண்ணிக்கிட்டு இருந்தீங்களே, அதக் காட்டாம இருந்தாச் சரி."

கேசட்டைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய பிறகுதான் சாட்சி வேலை வந்தது. புரோகிராம் கண்டுபிடித்தது சரியா தவறா என்று தெரிய வேண்டுமானால், அந்தப் புரோகிராமைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் வீடியோ முழுவதையும் தன் கண்ணால் பார்த்து, காட்சி மாறும் இடங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் உண்மைப் பட்டியல். மிஷினின் பட்டியலை அதோடுதான் ஒத்துப் பார்ப்பார்கள்.

"ஒங்களவிட்டா யாரு மாமா இருக்கா?" என்றாள்.

நான்கு நாள் உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை. ஒரு நீள நோட்டில் நிமிஷம், வினாடி, வரிசை எண் என்று கோடு கிழித்து எழுதினார். சந்தேகம் வந்தால் பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தார். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. கையெழுத்து தேவையில்லை என்று மணிமொழி சொன்னாள். கேட்காமல் கடைசி வரிக்குக் கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பட்டியல் கைமாறிய பிறகு, "இப்பச் சொல்லு, ஒன் மிஷின் எப்புடிப் பாக்குது?" என்று கேட்டார்.

மணிமொழி ஒரு படத்தை நிறுத்திக் காட்டினாள். "வினாடிக்கு இருபத்தஞ்சு படம் ஓடுது மாமா. ஒவ்வொண்ணையும் அதுக்கு முந்தின படத்தோட ஒத்துப் பாக்கணும். எல்லாரும் செய்யிறது என்னன்னா, மொத்தப் படத்துல சிவப்பு எவ்வளவு, மஞ்ச எவ்வளவுன்னு கலர எண்ணுவாங்க. ரெண்டு படத்துக்கும் எண்ணிக்கை ரொம்ப வித்தியாசப்பட்டா காட்சி மாறிடிச்சுன்னு அர்த்தம்."

"ஒரே மேடை, ஒரே பந்தல். ஆளு மட்டும் மாறுனா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேலையை எடுத்து ஆறு மாதம் ஆன பிறகுதான் காலேஜில் ஒருவர் கேட்ட கேள்வியை இவர் ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். "அதுதான் மாமா சிக்கலு. கலர எண்ணுனா அது தப்பிச்சிரும். அதுக்குத்தான் நான் வேற மாதிரி செஞ்சிருக்கேன். படத்த நீளவாக்குல எட்டு, குறுக்கால எட்டுன்னு அறுபத்துநாலு கட்டமாப் பிரிச்சுட்டேன்."

"பாத்தி கட்டுற மாதிரி."

"பாத்தியேதான். ஒவ்வொரு பாத்தியா தனித்தனியாப் பாக்குது. ஃபிளாஷ் அடிச்சா அறுபத்துநாலு பாத்தியும் ஒரே நேரத்துல வெள்ளையாயிடும். ஆனா ரெண்டு படத்துக்குள்ள பழையபடி ஆயிடும். வந்த வெள்ளம் வடிஞ்சிட்டா ஃபிளாஷு. வடியலேன்னா வெட்டு."

ஸ்டுடியோக்காரர் அங்கங்கே இதய வடிவத்தில் ஒரு காட்சியைத் திறந்து அடுத்ததைக் கொண்டுவந்திருந்தார். அதையும் அந்தப் புரோகிராம் விடவில்லை. நடுப் பாத்தியில் தொடங்கி ஓரப் பாத்தி வரை ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டு வருவதை வைத்து, இது மெல்ல நடக்கும் மாற்றம் என்று குறித்துக்கொண்டது. அதையெல்லாம் அவள் தானே யோசித்து எழுதியிருந்தாள். ராசாங்கம் வாயைத் திறந்து பாராட்டவில்லை. ஆனால் மறுநாள் டீக்கடையில், யாரும் கேட்காமலே, "எங்க வூட்டு மருமவ அறுபத்துநாலு பாத்தி கட்டிப் படம் பாக்குது" என்று சொன்னார். கடையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் மணிமொழி இரண்டு பட்டியலையும் ஒத்துப் பார்த்தாள். ராசாங்கம் எழுதிய இருநூற்றுப் பதின்மூன்றையும் புரோகிராம் பிடித்திருந்தது. ஒன்றுகூட விடவில்லை. கூடவே இருநூற்றுப் பதினான்காவதாக ஒன்றும் சொன்னது. நாற்பத்தோராவது நிமிஷம், பன்னிரண்டாவது வினாடி.

ஓட்டிப் பார்த்தாள். மேடையில் அனிதாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் தெர்மாகோலில் வெட்டிய பெயர்கள். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. எங்கே மாறுகிறது? ஒன்றும் மாறவில்லை. கண் இமைத்தாற்போல ஒரு சிறு துள்ளல்; அவ்வளவுதான்.

மதியம் வரை மணிமொழி அதோடு மல்லுக்கட்டினாள். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் வெட்டு என்று கொள்ளும் அந்த எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்த ஒன்று மறைந்தது. கூடவே உண்மையான வெட்டுகளிலும் ஏழு மறைந்தன. தாழ்த்தினால் ஏழும் திரும்பி வந்தன. அதுவும் வந்து நின்றது. ராசாங்கம் வாசலுக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தப்புதானேம்மா, விட்டுடேன்" என்றார் கடைசியில்.

"தப்பு வரலாம் மாமா. ஏன் வந்துச்சுன்னு எழுதணும். ஃபிளாஷுன்னா வடியணும், இது வடியல. லைட்டு போயிடுச்சுன்னா அறுபத்துநாலும் மாறணும், இங்க ஒம்போதுதான் மாறியிருக்கு. தெரியலன்னு எழுதுனா, ஒன் புரோகிராமே ஒனக்குப் புரியலியேம்மான்னு கேப்பாங்க." அவள் குரல் தேய்ந்துவிட்டது. "இந்த முறையப் பத்தி எழுதுன நாலாவது அத்தியாயத்த எடுத்துடறேன். எல்லாரும் எழுதுற கலர் எண்ற முறையே போதும். பாஸ் போட்டுடுவாங்க. மூணு மணி பஸ்ஸுக்குப் போனாத்தான் பைண்டிங் கடை மூடுறதுக்குள்ள குடுக்க முடியும்."

"பாத்தி?"

"பாத்தி வேணாம் மாமா."

ராசாங்கம் நடையை நிறுத்தினார். பிறகு, "ஏம்மா, நான் எழுதுன பட்டியல்ல தப்பிருக்கலாம்னு ஒனக்குத் தோணலியா?" என்றார்.

காலையிலிருந்து முதல் முறையாக அவள் சிரித்தாள். "நீங்க எழுதினத யாரு மாமா சந்தேகப்படுவா? மிஷின்தான் பொய் சொல்லுது."

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பித்தான் இருந்தது. இன்னொரு குடம் ஊற்றினார். வழிந்து காலை நனைத்தது.

நாற்பத்தோராவது நிமிஷத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தபோதே தெரியும். பேனா அந்த இடத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுதச் சொன்னாள், இது யார் கண்ணுக்கும் தெரியவில்லையே என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்திவிட்டார்.

தம்பி வீரமுத்து தன் பாகத்துக்கு வந்த வடக்குக் காட்டை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சிமெண்ட் ஆலை வேலைக்காக ரெட்டிபாளையத்துக்குக் குடிபோனவன். தாத்தா காலத்து மண். அதில் வெடி வைத்த அன்று ராசாங்கம் சாப்பிடவில்லை. அனிதா கல்யாணத்துக்கு ஊருக்காகப் பத்திரிகை வைத்தார். வர மாட்டார்கள் என்று நினைத்தார். வந்தார்கள். வீரமுத்து தெருமுனையிலேயே நின்றுகொண்டான். அவன் மனைவி பொன்னம்மாள் மட்டும் துணி மூடிய தட்டோடு மேடை ஏறினாள். கூட்டம் முதல் பந்திக்குப் போயிருந்த நேரம். ஆண்டாயி பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். அனிதாவுக்கு யாரோ பூச்சடையைச் சரிசெய்ததால் குனிந்த தலை நிமிரவில்லை. மாப்பிள்ளைக்கு வந்தவள் யாரென்றே தெரியாது. ராசாங்கம் குறுக்கே வந்து தட்டை வாங்கினார். பெண்ணின் கைக்குப் போகவிடாமல், கீழே வைத்து, மணமக்கள் உட்கார்ந்திருந்த பென்ச்சுக்கு அடியில் காலால் தள்ளினார். "எறங்கு" என்றார், வாய்க்குள்ளேயே. பொன்னம்மாள் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். நாற்பது வினாடி இருக்கும்.

அன்று மாலையே, "தம்பி வூட்டுலேர்ந்து யாரும் வரலியா?" என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததே ஊருக்கு ஒரு சாட்சியாகப் போயிற்று. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அட்சதை போட வராதவர்கள் என்று வீரமுத்து குடும்பத்துக்குப் பெயர் விழுந்தது. பத்து நாள் கழித்து ஸ்டுடியோவில் அந்த நாற்பது வினாடியை டிவியில் பார்த்தபோது ராசாங்கத்துக்கு முகம் சுட்டது. எடுத்துவிடச் சொன்னார். ஸ்டுடியோக்காரரும் தடம் தெரியாமல் எடுத்துக் கொடுத்தார். ஆறு வருஷமாக எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். ஒரு கண்ணுக்கும் படவில்லை.

இந்த வீட்டுக்கு வாழ வந்த பெண் கட்டிய பாத்தி ஒரே ஓட்டத்தில் பிடித்துவிட்டது. பிடித்ததை அவள் இப்போது தன் கையாலேயே அழித்துக்கொண்டிருக்கிறாள், அவர் கையெழுத்தை நம்பி.

உள்ளே வந்தபோது திரையில் பக்கங்கள் கறுத்துக் கிடந்தன. அழிப்பதற்காகக் குறித்து வைத்திருந்தாள்.

"நிறுத்து. அழிக்காத."

"என்ன மாமா?"

"ஒன் மிஷின் பொய் சொல்லல." குரல் வழக்கமான குரல்தான். கை மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. "அந்த எடத்துல வெட்டு இருக்கு. ஸ்டுடியோவுல பக்கத்துல நின்னு வெட்டச் சொன்னதே நான்தான். தெரிஞ்சுதான் எழுதாம விட்டேன்."

என்ன வெட்டினீர்கள், எதற்கு வெட்டினீர்கள் என்று கேட்பாள் என்று நினைத்தார். பதிலைக்கூட ஒருவாறு கூட்டி வைத்திருந்தார். மணிமொழி கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"அப்ப வடியாதது சரிதான்! சரியாத்தான் சொல்லியிருக்கு மாமா!"

மறுபடி உட்கார்ந்து அந்த இரண்டு படத்தையும் அருகருகே வைத்தாள். மாறிய ஒன்பது பாத்திக்கும் சிவப்பில் கோடு போட்டாள். "இதுல எட்டு எடது பக்கம். நீங்க நிக்கிறீங்க பாருங்க, வெட்டுக்கு முன்னாடி ஓரமா நின்னவரு அடுத்த படத்துல பென்ச்சு கிட்ட வந்துட்டீங்க. ஒம்போதாவது கீழ தனியா இருக்கு. இது ஆளு இல்ல. பென்ச்சுக்கு அடியில." அதைப் பெரிதாக்கினாள். "முன்னாடி இல்லாதது ஏதோ வந்திருக்கு. பளபளங்குது. தட்டு மாதிரி இருக்கு மாமா!"

ராசாங்கம் குனிந்து பார்த்தார். பித்தளை விளிம்பு, அதன் மேல் பச்சைத் துணியின் ஒரு மூலை. பொன்னம்மாளை எடுத்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவள் கொண்டுவந்த தட்டு இவ்வளவு நாளும் அங்கேயே, அவர் காலடியில், எல்லாரும் பார்க்கும்படி இருந்திருக்கிறது. அவருக்குக் கூசியது. இப்படி ஒரு வேலையைச் செய்ய எத்தனை கூர்மை வேண்டும் என்று வியப்பாகவும் இருந்தது.

மோர் டம்ளரோடு வந்த ஆண்டாயி திரையைப் பார்த்தாள். "அது யாரு தட்டு? நம்ம வூட்டுத் தட்டுல பச்சத் துணி போடலியே."

"பொன்னம்மா கொண்டாந்தது" என்றார் ராசாங்கம்.

"எந்தப் பொன்னம்மா?"

"வீரமுத்து பொண்டாட்டி. வந்தா. நான்தான் தட்ட வாங்கி அடியில தள்ளிட்டு எறங்கச் சொன்னேன்."

ஆண்டாயி டம்ளரைக் கீழே வைத்தாள். மோர் தளும்பித் தரையில் சிந்தியது. "வந்தாளா அவ?" என்றாள். "ஆறு வருசமா நான் அவள வையாத வசவு இல்லீங்க. அவ புள்ளைக்குக் காது குத்துனப்ப வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டா. மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அப்பவும் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"அந்தத் தட்டுல என்ன வெச்சிருந்தா?"

"தொறந்து பாக்கல."

ஆண்டாயி விருட்டென்று உள்ளே போனாள். கிளம்புவதற்காகச் சேலை மாற்றுகிற சத்தம் கேட்டது.

ராசாங்கம் நோட்டைக் கேட்டு வாங்கினார். தன் பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்தார். அதற்குக் கீழே 214 என்று போட்டு, நிமிஷம், வினாடி எழுதி, "ஸ்டுடியோவில் வெட்டியது. வெட்டச் சொன்னது நான். அறிந்தே முன் பட்டியலில் விட்டுவிட்டேன்" என்று எழுதிப் புதிதாகக் கையெழுத்துப் போட்டார். 'ரா'வின் கால் இந்த முறை கொஞ்சம் கோணிவிட்டது.

மணிமொழி படித்துப் பார்த்தாள். "மாமா, இது புராஜெக்டு பின்னாடி அப்புடியே வரும். வெளியூருலேர்ந்து வர்றவங்க படிப்பாங்க. 'வெட்டு'ன்னு ஒரு வார்த்த இருந்தாப் போதும்."

"சாட்சி சொல்றவன் பாதியச் சொல்லக் கூடாது. அப்புடியே வெய்யி."

நோட்டை அவள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். நாலாவது அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள். கண்ணால் பார்த்து எழுதிய சாட்சி பின்னர் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டதாகவும், புரோகிராம் சொன்ன இருநூற்றுப் பதினான்கும் சரி என்றும் நான்கு வரியில் முடித்தாள். சுற்றி வளைக்கவில்லை, மாமனாரைக் காப்பாற்றவும் இல்லை. அந்த நான்கு வரியை ராசாங்கம் நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். தான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன் என்று தோன்றியது.

மூன்று மணிக்கு மூவரும் ரோட்டுக்கு வந்தார்கள். பெரம்பலூர் பஸ்தான் முதலில் வந்தது. உள்ளே நெரிசல். ராசாங்கம் படியருகே போய், "காலேஜு வேலையாப் போவுது. கையில முக்கியமான காகிதம் இருக்கு. எடம் குடுங்கய்யா" என்றார். அவர் குரலுக்கு ஒரு சீட்டே காலியாயிற்று. மணிமொழி காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். "போயிட்டு வரேன் மாமா" என்றாள். அவர் தலையசைத்தார். பஸ் போன பிறகும் அந்தத் திக்கிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வேன் வந்தபோதுகூட நெஞ்சு இவ்வளவு நிமிரவில்லை.

ராசாங்கமும் ஆண்டாயியும் அடுத்த பஸ்ஸில் ரெட்டிபாளையம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழவில்லை. பொன்னம்மாள் தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள். கூட நாலைந்து பெண்கள். ஆண்டாயியைப் பார்த்ததும் குடம் நிரம்பி வழிவதைக்கூட மறந்துவிட்டாள். "வாங்கக்கா. வாங்க மாமா. உள்ள வாங்க" என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

ராசாங்கம் வாசலிலேயே நின்றுகொண்டார். குழாயடிப் பெண்களுக்குக் கேட்கும்படியாகவே பேசினார்.

"அனிதா கல்யாணத்துக்கு நீ வந்தே. தட்டோட மேடை ஏறுனே. நான்தான் அத வாங்கி அடியில தள்ளிட்டு ஒன்ன எறக்கிவிட்டேன்."

பொன்னம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாததா மாமா? இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்தீங்க?"

"ஒனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது."

ஆண்டாயி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "என்னடி வெச்சிருந்தே அந்தத் தட்டுல?" என்று அவள் கேட்பதும், "சேலைதான்க்கா. மாம்பழக் கலரு. நாலு கடை ஏறி எறங்கி அவருதான் எடுத்தாரு" என்று பொன்னம்மாள் சொல்வதும், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதும் அழுவதும் வாசல் வரை கேட்டன.

கொஞ்ச நேரம் கழித்து பொன்னம்மாள் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து நிழலில் போட்டாள். "ஒக்காருங்க மாமா. அவரு கடைக்குத்தான் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு."

"வரட்டும்" என்றார் ராசாங்கம். "அவன்கிட்டயும் நின்னுக்கிட்டுதான் சொல்லணும்."

நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தெருமுனையைப் பார்த்தபடி, முதுகு வளையாமல் நின்றார்.